படக்கோப்பு சுருங்க மறுக்கும்போது: அறிகுறி பார்த்துக் காரணம் தேடும் வழி

கிருஷ்ணகிரி ராயக்கோட்டை சாலையில் இருக்கிறது எங்கள் கடை. ஸ்கேன், அச்சு, ஆன்லைன் விண்ணப்பம், படுத்துவிட்ட பென் டிரைவிலிருந்து படம் மீட்பது என்று வருகிற வேலையெல்லாம் செய்கிறோம். முகூர்த்த மாதங்களில் ஸ்டுடியோக்காரர்கள் வருவார்கள். தேர்வு அறிவிப்பு வெளியானால் மாணவர்கள் வருவார்கள். மாதம் ஒருமுறை, ஊர் ஊராகப் போய் நடுகற்களைப் படமெடுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "எந்த சாஃப்ட்வேரில் போட்டால் படம் நன்றாகச் சுருங்கும்?"

மருந்துக் கடையில் போய் "எந்த மாத்திரை நல்ல மாத்திரை?" என்று கேட்பது போன்ற கேள்வி இது. முதலில் உங்கள் கோப்புக்கு என்ன என்று பார்க்க வேண்டும். கடையில் நான் பார்க்கிற வரிசையிலேயே கீழே எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எதுவோ அங்கே நேராகப் போய்விடலாம்.

தொடங்கும் முன் ஒரு சோதனை

கோப்புறை முழுவதையும் தூக்கிப் போடாதீர்கள். ஒரே ஒரு படத்தை எடுத்து 7-ஜிப் மென்பொருளில் ஜிப்பாக மாற்றுங்கள். இலவச மென்பொருள்தான். பிறகு அந்த ஜிப்பை 7-ஜிப் சாளரத்திலேயே திறந்தால் அசல் அளவும் பொதிந்த அளவும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் தெரியும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் முதல் அறிகுறிக்குப் போங்கள். பொதிந்த அளவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருந்தால் மூன்றாவதற்கு.

இன்னொன்று. விண்டோஸில் கோப்பின் பண்புகளைத் திறந்தால் இரண்டு அளவுகள் காட்டும். ஒன்று கோப்பின் அளவு. மற்றது அது வட்டில் பிடித்திருக்கும் இடம். ஒப்பிட வேண்டியது முதலாவதை மட்டும். இரண்டாவது, வட்டு எத்தனை பெரிய அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எக்ஸ்ஃபேட் முறையில் வழக்கமான அமைப்போடு ஃபார்மட் செய்த 64 ஜிபி பென் டிரைவில் ஓர் அறை 128 கேபி. அதில் 50 கேபி படத்தை வைத்தாலும் 128 கேபி என்றே காட்டும். அதை 40 கேபியாகக் குறைத்தாலும் 128தான். "குறையவே இல்லை" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் சிலரை இந்த ஒரு வரியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அறிகுறி: ஜிப் செய்தேன், 7-இசட் செய்தேன், ரார் செய்தேன், எதிலும் குறையவில்லை

7-இசட், ரார் இரண்டும் ஜிப்பைப் போலக் கோப்புகளைக் கட்டும் வடிவங்கள்தான்; 7-இசட் என்பது 7-ஜிப்பின் சொந்த வடிவம். கோப்பு ஜேபிஜி என்றால் இதில் கோளாறு எதுவும் இல்லை. அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4000க்கு 3000 பிக்சல் படம் என்றால் 1.2 கோடிப் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட் வீதம் 3.6 கோடி பைட், அதாவது 36 எம்பி. உங்கள் போன் அதை ஏறக்குறைய 4 எம்பி கோப்பாகக் கொடுக்கிறது. ஒன்பதில் எட்டுப் பங்கைப் போனே பிழிந்து எடுத்துவிட்டது. மீதியை நாம் மறுபடி பிழிந்து பார்க்கிறோம். மாம்பழக் கூழ் ஆலையிலிருந்து வெளியே வந்த கொட்டையை வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சாறு பிழிகிறவரை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை.

போன் எப்படிப் பிழிகிறது? படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு கட்டத்தையும் கொசைன் மாற்றத்தின் மூலம் அலை எண்களாக மாற்றுகிறது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நுணுக்கங்களின் எண்களை முழுமையாக்கிப் பெரும்பாலானவற்றைப் பூஜ்யமாக்குகிறது. தரம் இழப்பது இந்தப் படியில்தான். மிஞ்சிய எண்களை ஹஃப்மன் குறியீட்டில் எழுதுகிறது: அடிக்கடி வரும் எண்ணுக்குக் குட்டையான குறி, அரிதாக வருவதற்கு நீளமான குறி.

இப்போது ஜிப்பைப் பாருங்கள். அது இரண்டு வேலை செய்கிறது. முதலில், ஒரே பைட் வரிசை மீண்டும் வந்தால் "முன்னால் வந்ததைப் பார்" என்று குறித்துக்கொள்கிறது. லெம்பல், சிவ் இருவரும் 1977இல் சொன்ன வழி இது. அடுத்து, மிஞ்சியதை ஹஃப்மன் குறியீட்டில் எழுதுகிறது. அதே ஹஃப்மன், 1952இல் வெளியான அதே முறை! ஜிப் வந்தது 1989இல், ஜேபிஜி கோப்புக்கு அடிப்படையான ஜேபெக் தரநிலை வந்தது 1992இல். இரண்டுக்கும் கடைசிப் படி ஒன்றே என்பதால் அந்தப் படியில் ஜிப்புக்கு வேலை மிச்சமில்லை.

முதல் படியாவது பலிக்கக் கூடாதா? மாப்பிள்ளையின் வெள்ளை வேட்டி படத்தில் பத்து இடத்தில் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்று ஒரு ஸ்டுடியோ அண்ணன் கேட்டார். கண்ணுக்கு அப்படித்தான். கோப்புக்குள் ஹஃப்மன் குறிகள் பைட் எல்லையை மதிப்பதில்லை. ஒரு குறி மூன்று பிட், அடுத்தது ஏழு பிட் என்று ஒட்டிக்கொண்டே போகும். ஒரே வேட்டிப் பகுதி ஓரிடத்தில் பைட்டின் இரண்டாவது பிட்டில் தொடங்கும், இன்னோரிடத்தில் ஆறாவது பிட்டில் தொடங்கும். பைட் பைட்டாகத் தேடுகிற கருவிக்கு இரண்டும் வெவ்வேறு எழுத்துகள்.

அதனால்தான் ஜிப், 7-இசட், ரார், பிஜிப்2, இசட்ஸ்டாண்டர்ட் எல்லாம் ஜேபிஜி முன்னால் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு திருமணத் தொகுப்பை முதல் மூன்றிலும் போட்டுப் பார்த்தேன். மூலத்தில் 98 சதவீதத்துக்குக் கீழே ஒன்றும் போகவில்லை. வேறுபாடு நேரத்தில்தான் இருந்தது. 7-இசட்டை உச்ச நிலையில் வைத்தால், இல்லாத ஒன்றை மிகக் கவனமாகத் தேடிக்கொண்டிருக்கும்.

செய்ய வேண்டியது: பல படங்களை ஒரே கோப்பாகக் கட்ட வேண்டும், அவ்வளவுதான் என்றால், சுருக்க நிலையைப் பூஜ்யத்தில் வையுங்கள். 7-ஜிப்பில் அதற்கு ஸ்டோர் என்று பெயர். நகலெடுக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஜிப்பை மூட்டை கட்டும் கயிறாக நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் வராது.

"எந்தக் கோப்பையும் 90 சதவீதம் சுருக்குவோம்" என்று விளம்பரம் வந்தால் இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். பத்து பிட் நீளமுள்ள கோப்புகள் மொத்தம் 1024 வகை. பத்துக்குக் குறைந்த நீளத்தில், வெற்றுக் கோப்பையும் சேர்த்தால்கூட, 1023 வகைதான் உண்டு. 1024 மாம்பழத்தை 1023 பெட்டியில் பெட்டிக்கு ஒன்றாக வைக்க எந்த மென்பொருளாலும் முடியாது. சிலவற்றைக் குறைக்கிற கருவி வேறு சிலவற்றைக் கூட்டியே தீர வேண்டும்.

அறிகுறி: குறையாதது போகட்டும், கூடிவிட்டது

மேலே சொன்ன கணக்கின் நேரடி விளைவுதான். ஜிப் ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 30 பைட் தலைப்பு எழுதும். கடைசியில் பட்டியலில் இன்னும் 46 பைட் எழுதும். கோப்பின் பெயரை இரண்டு இடத்திலும் எழுதும். பெயர் தமிழில் இருந்தால் ஒவ்வொரு எழுத்துக்குறியும் மூன்று பைட் (உகரக் கொக்கியும் மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறிகள்). ‘நடுகல்_001’ என்று ஆசிரியர் பெயரிட்ட ஜேபிஜி ஒன்றுக்கு, பின்னொட்டையும் சேர்த்துப் பெயர் மட்டும் 26 பைட். ஆக, கோப்புக்குக் குறைந்தது 128 பைட். 400 படமென்றால் 51,200 பைட், முடிவுக் குறிப்புக்கு 22 பைட். 50 கேபி கூடியிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. 50 எம்பி கூடியிருந்தால் வேறு ஏதோ கோப்பு உள்ளே சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். மறைந்திருக்கும் கோப்புகளைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்.

அறிகுறி: ஒரு சில படங்கள் மட்டும் நன்றாகச் சுருங்கின

சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். படம் நன்றாகச் சுருங்குகிறது என்றால், அதை உருவாக்கியவர் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை.

முதல் சாத்தியம்: அது ஜேபிஜியே இல்லை. பழைய ஸ்கேனர்கள் சில பிஎம்பி அல்லது சுருக்கப்படாத டிஃப் வடிவில் சேமிக்கும். யாரோ பெயரின் பின்னொட்டை மட்டும் மாற்றியிருப்பார்கள். நோட்பேடில் இழுத்துப் போட்டுப் பார்த்தால் முதல் இரண்டு எழுத்து பி, எம் என்று இருக்கும், அது பிஎம்பி. இப்படிப்பட்டதை ஜிப் செய்து வைப்பதில் பொருளில்லை. முறையாகப் பிஎன்ஜியாகவோ ஜேபிஜியாகவோ மாற்றுங்கள்.

இரண்டாவது எனக்குப் பிடித்தமானது. ஸ்கேன் செய்த பத்திரங்கள், மதிப்பெண் சான்றிதழ்கள், அதுவும் பக்கத்தில் பாதி வெற்று வெள்ளையாக இருப்பவை, உண்மையான ஜேபிஜியாக இருந்தும் ஜிப்பில் சுருங்கும். பைட் எல்லையை மதிக்காது என்று மேலே சொன்னேனே, இங்கே மட்டும் தற்செயலாக மதிக்கிறது. வழக்கமான ஹஃப்மன் அட்டவணையில், மாற்றமே இல்லாத ஒரு வெற்றுக் கட்டத்துக்கு வெளிச்சப் பகுதியில் 6 பிட், வண்ணப் பகுதியில் 4 பிட். வண்ணத்தைக் கால் பங்காகக் குறைக்கும் வழக்கமான முறையில், 16க்கு 16 புள்ளிப் பரப்புக்கு நான்கு வெளிச்சக் கட்டம், இரண்டு வண்ணக் கட்டம். 24 கூட்டல் 8, ஆக 32 பிட். சரியாக நான்கு பைட்! வெற்றுத் தாள் நீளும் வரை அதே நான்கு பைட் திரும்பத் திரும்ப வரும். ஜிப்புக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

இதற்குத் தீர்வு ஜிப்பில் இல்லை. ஜேபெக்டிரான் என்ற சிறு கருவியில் ஆப்டிமைஸ், புரோகிரசிவ் என்ற இரண்டு தெரிவுகளையும் கொடுத்து ஓடவிடுங்கள். புரோகிரசிவ் முறைக்கு "அடுத்த பல கட்டங்களும் வெற்று" என்று ஒரே குறியில் எழுதத் தெரியும். புள்ளி ஒன்றும் மாறாமல் கோப்பே சிறியதாகிவிடும். பிறகு ஜிப் செய்து பார்த்தால் ஒன்றும் குறையாது. குறையக் கூடாது.

அறிகுறி: ஜிப்பில் அசையாத கோப்புறை 7-இசட்டில் பாதியானது

இது ஆசிரியரின் கதை. தாலுகா வாரியாக 40, 50 எம்பி கோப்புறைகள் வைத்திருந்தார். எல்லாம் பழைய டிஜிட்டல் கேமராவில் எடுத்த சிறிய ஜேபிஜிகள். ஜிப் செய்தேன், அப்படியே இருந்தது. 7-இசட் செய்தேன், ஏறக்குறையப் பாதி.

"பார்த்தீர்களா தம்பி, நீங்கள்தான் குறையாது என்று சாதித்தீர்கள்" என்றார். பள்ளிக்கூடத்தில் எத்தனை பேரை இப்படி மடக்கியிருப்பாரோ!

உள்ளே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தாலுகாவுக்கும் இரண்டு உட்கோப்புறைகள். ஒன்றின் பெயர் தர்மபுரி, மற்றதன் பெயர் கிருஷ்ணகிரி. 2004 பிப்ரவரியில் மாவட்டம் பிரிந்தபோது, பழைய பதிவுகளில் தர்மபுரி என்று இருப்பதால் அந்தக் கோப்புறையையும் விட மனமில்லாமல், புதிய பெயரிலும் ஒரு நகல் வைத்திருந்தார். மாவட்டம் பிரிந்தது, படங்கள் இரட்டித்தன.

ஜிப் ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாகச் சுருக்கும். அதுவும் பின்னோக்கி 32 கேபி தூரம்தான் பார்க்கும். ஒரே படம் இரண்டு முறை இருப்பது அதற்குத் தெரிய வழியில்லை. 7-இசட் சாலிட் முறையில் எல்லாக் கோப்புகளையும் ஒரே நீண்ட துணிபோல் தைத்துக்கொண்டு, அகராதி அளவு எவ்வளவோ அவ்வளவு தூரம் பின்னால் பார்க்கும். அகராதி 64 எம்பி, கோப்புறை 50 எம்பி என்றால் இரண்டாவது நகல் முழுவதும் "முன்னால் வந்ததைப் பார்" என்ற குறிப்பாகச் சுருங்கிவிடும். அதே நகல்கள் 300 எம்பி இடைவெளியில் இருந்திருந்தால் இதே 7-இசட்டும் கையை விரித்திருக்கும். ரார் ஐந்தாம் வடிவில், ஒரே மாதிரியான கோப்புகளைக் குறிப்பாக மட்டும் சேமிக்கச் சொல்லும் தெரிவு தனியாகவே உண்டு.

கண்டுபிடிப்பது எப்படி: சந்தேகப்படும் இரண்டு படங்களின் மேல் வலது கிளிக் செய்து 7-ஜிப் பட்டியலில் ஷா-256, அதாவது கோப்பின் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிடச் சொல்லுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரே படம்தான். நகலை நீக்கினால் போதும், எந்தச் சுருக்கமும் வேண்டாம். ஆசிரியர் நீக்கவில்லை. "இரண்டு பெயரிலும் தேடுவார்கள்" என்றார். அதுவும் நியாயம்தான். அவருக்குத் தர்மபுரி கோப்புறையில் குறுக்குவழிக் கோப்புகளாக வைத்துக் கொடுத்தேன்.

ஒரு எச்சரிக்கை. சாலிட் கட்டில் நடுவில் ஓரிடம் கெட்டால் அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் போகலாம். ஜிப்பில் கெட்ட படம் மட்டும் போகும். திரும்ப எடுக்க முடியாத படங்களை நான் சாலிட்டில் வைப்பதில்லை.

அறிகுறி: ஜேபிஜியையும் 20 சதவீதம் குறைக்கும் கருவி உண்டு என்கிறார்கள், நம்பவில்லை

நம்பலாம். இவை வேறு சாதி. ஜிப்பைப் போல வெளியிலிருந்து பைட்டுகளைத் தடவிப் பார்ப்பதில்லை. ஜேபிஜியின் ஹஃப்மன் பூட்டைத் திறந்து உள்ளே இருக்கும் அலை எண்களை வெளியே எடுத்து, பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து அடுத்த எண்ணை ஊகித்து, ஹஃப்மனைவிடச் சிறந்த குறியீட்டில் மறுபடி எழுதுகின்றன. திரும்ப விரிக்கும்போது பழைய ஹஃப்மன் பூட்டையே போட்டு, ஒரு பிட் மாறாமல் அதே ஜேபிஜியைக் கொடுக்கும்.

இவற்றில் எளிமையானது முன்னால் சொன்ன ஜேபெக்டிரான். ஹஃப்மனை விட்டு வெளியேறாமல், அட்டவணையை மட்டும் உங்கள் படத்துக்கேற்றபடி திருத்தும். பல கேமராக்கள் அவசரத்தில் எல்லாப் படத்துக்கும் ஒரே பொது அட்டவணையைப் போட்டுவிடுகின்றன என்பதால் சில சதவீதம் மிச்சமாகும். வெளிவருவது சாதாரண ஜேபிஜி, எங்கும் திறக்கும். மோசில்லா 2014இல் தொடங்கிய மோஸ்ஜேபெக் இதையே இன்னும் விடாப்பிடியாகச் செய்யும்.

அதற்கு அடுத்த படி பேக்ஜேபிஜி, டிராப்பாக்ஸ் 2016இல் வெளியிட்ட லெப்டான், வின்ஜிப் 12இல் வந்த ஜிப்எக்ஸ் வடிவம், ஜேபெக் எக்ஸ்எல் என்ற புதிய பட வடிவம். எல்லாம் 20 சதவீதத்தை ஒட்டியே நிற்கின்றன. லெப்டானுக்கு டிராப்பாக்ஸ் சொன்ன எண் 22. பிஏக்யூ8 என்ற வரிசைக் கருவிகள் இன்னும் கொஞ்சம் குறைக்கும். ஆனால் ஒரு படத்தைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம், ஒரு ஆல்பத்தைப் போட்டால் ஊருக்கே போய்விட்டு வரலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது? என் கருத்து: நீண்ட காலம் வைத்திருக்கும் சேமிப்புக்கு ஜேபெக் எக்ஸ்எல். அதற்கு மாற்றும் சிஜேஎக்ஸ்எல் கருவிக்கு ஜேபிஜியைக் கொடுத்து, தர எண் எதுவும் சொல்லாமல் விட்டால், இழப்பில்லாத மாற்றமே செய்யும். டிஜேஎக்ஸ்எல் கொண்டு அசல் ஜேபிஜியைத் திரும்பப் பெறலாம். அனுப்புவதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள். எதிர்முனையில் இருப்பவரின் கணினியில் திறக்கும் என்ற உறுதி இல்லை. மணமகளின் மாமாவிடம் போனில் டிஜேஎக்ஸ்எல் நிறுவக் கற்றுக் கொடுக்க உங்களுக்குப் பொறுமை இருந்தால் தாராளமாக அனுப்புங்கள்.

மாற்றியவுடன் அசலை அழித்துவிடாதீர்கள். ஒன்றைத் திரும்ப விரித்து, அசலோடு ஷா-256 எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாக இருந்தால்தான் அழிப்பது பற்றி யோசிக்க வேண்டும்.

ஒரு மாணவன் குறுக்குவழி கண்டுபிடித்ததாகச் சொன்னான். ஜேபிஜியைப் பிஎம்பியாக்கி, பிஎம்பியை 7-இசட் செய்தானாம், "நன்றாகச் சுருங்கியது அண்ணா." சுருங்கியது உண்மைதான், 36 எம்பியிலிருந்து. வந்து நின்ற இடம் அவன் கையில் முதலில் இருந்த 4 எம்பியைவிடப் பல மடங்கு மேலே. பிழிந்த கூழைத் தண்ணீர் விட்டுக் கலக்கி மறுபடி சுண்டக் காய்ச்சிய கதை.

அறிகுறி: சுருக்கிய பின் படம் படுத்துக்கொண்டது, எடுத்த தேதியும் காணவில்லை

போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களைப் பல போன்கள் படுக்கையாகவே சேமித்து, "காட்டும்போது திருப்பு" என்று எக்ஸிஃப் குறிப்பில் எழுதி வைக்கின்றன. எடுத்த தேதி, இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அங்கேதான். ஜேபெக்டிரானை அப்படியே ஓடவிட்டால் அது கருத்துரைகளை மட்டும் நகலெடுத்து எக்ஸிஃபை விட்டுவிடும். படம் சாய்ந்துவிடும். குறிப்புகள் எல்லாவற்றையும் நகலெடுக்கச் சொல்லும் தெரிவை மறக்காமல் கொடுங்கள்.

விண்ணப்பத்துக்கான புகைப்படத்தில் எக்ஸிஃப் போனால் நல்லது, உங்கள் வீட்டு முகவரி வெளியே போகாது. நடுகல் படத்தில் போனால் நட்டம். மாந்தோப்பு நடுவே, புதர் மூடிக் கிடக்கும் கல்லை இரண்டாவது முறை கண்டுபிடிக்க அந்த இரண்டு எண்களை விட்டால் வேறு வழியில்லை.

அறிகுறி: நன்றாகவே சுருங்கியது, ஆனால் முகம் மங்கி, எழுத்தோரம் கறை படிந்திருக்கிறது

உங்கள் கருவி இழப்போடு சுருக்கியிருக்கிறது. இணையத்தில் "படத்தைச் சுருக்கு" என்று கிடைக்கும் தளங்களில் பெரும்பாலானவை செய்வது இதைத்தான்: படத்தை விரித்து, குறைந்த தரத்தில் மறுபடி ஜேபிஜியாக எழுதுகின்றன. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினாலும் இதேதான். போனது போனதுதான், திரும்ப வராது. அசலைத் தேடுங்கள்.

அசல் கிடைத்தால் தரத்தைக் கைவைக்கும் முன் புள்ளிகளைக் குறையுங்கள். 1600க்கு 1200 ஆக்கினால் 19.2 லட்சம் புள்ளிகள், 1.2 கோடியில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. போனில் பார்க்க இதுவே அதிகம். 3.5க்கு 4.5 செ.மீ. விண்ணப்பப் படம் 200 டிபிஐயில் (அங்குலத்துக்கு 200 புள்ளி) 276க்கு 354 புள்ளிதான். முதலில் இந்த அளவுக்கு வெட்டினால், 50 கேபி வரம்புக்குள் தரத்தைக் குறைக்காமலே உட்கார்ந்துவிடும். 4000 புள்ளி அகலத்தை அப்படியே வைத்துக்கொண்டு 50 கேபிக்கு நசுக்கினால் முகம் தரைக்கல் பதித்ததுபோல் ஆகும். ஆல்பம் அச்சுக்குப் போகும் படத்தை மட்டும் எதிலும் தொடாதீர்கள்.

ஒரு மென்பொருளின் தரம் 80 இன்னொன்றின் 80 இல்லை. அந்த எண்ணுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது. கருவிகளை ஒப்பிடும்போது எண்ணைப் பார்க்காமல் படத்தைப் பெரிதாக்கிப் புருவத்தையும் நகையோரத்தையும் பாருங்கள்.

அறிகுறி: பிஎன்ஜி, பிடிஎஃப், வேர்டு கோப்பும் சுருங்கவில்லை

பிஎன்ஜிக்குள் இருப்பது ஜிப்பின் அதே டிஃப்ளேட் முறை. ஜிப் செய்து பயனில்லை. ஆக்ஸிபிஎன்ஜி, ஜாப்ஃப்லி போன்ற கருவிகள் இழப்பில்லாமல் கொஞ்சம் குறைக்கும். ஆனால் புகைப்படத்தையே யாராவது பிஎன்ஜியாகச் சேமித்திருந்தால் நோய் வேறு: அது ஜேபிஜியாக இருந்திருக்க வேண்டியது.

வேர்டு, எக்செல் கோப்புகளின் புதிய வடிவங்கள் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே. நோட்பேடில் திறந்தால் முதல் இரண்டு எழுத்து பி, கே என்று தெரியும். ஜிப்பை உருவாக்கிய ஃபில் கட்ஸின் முதலெழுத்துகள் அவை.

போனில் ஸ்கேன் செய்த பிடிஎஃப் பெரும்பாலும் ஜேபிஜிகளைச் செருகிய உறைதான். ஏ4 தாளை 300 டிபிஐயில் வண்ணத்தில் எடுத்தால் சுருக்கும் முன் 26 எம்பி. சாம்பல் நிறமே இல்லாத கறுப்பு வெள்ளையில், புள்ளிக்கு ஒரு பிட் வீதம் எடுத்தால் 1.1 எம்பிக்கும் குறைவு. வில்லங்கச் சான்றிதழுக்கு வண்ணம் எதற்கு? ஸ்கேனரில் மாற்றி மறுபடி எடுப்பதுதான் எல்லாக் கருவியையும்விட நல்ல சுருக்கம்.

அறிகுறி: 20 எம்பிதான், ஆனால் மெயிலில் போகவில்லை, அல்லது பெரிய கோப்பு பென் டிரைவில் இடமிருந்தும் ஏறவில்லை

மெயில் இணைப்பு எழுத்துகளாக மாற்றப்பட்டே பயணிக்கும். மூன்று பைட்டுக்கு நான்கு எழுத்து. 20 எம்பி கோப்பு வழியில் 27 எம்பிக்கு அருகே போய்விடும். எதிர்முனையில் வரம்பு 25 எம்பி என்றால் 18க்கு மேல் வைக்காதீர்கள்.

பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது, உள்ளே 50 ஜிபி காலியாக இருந்தாலும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள், முன்னதாக உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வையுங்கள். துண்டு துண்டாகப் பிரிக்கும் தெரிவும் 7-ஜிப்பில் உண்டு. எனக்கு அதில் விருப்பமில்லை. ஐந்து துண்டில் ஒன்று தொலைந்தாலும் மீதி நான்கும் வீண். நிச்சயதார்த்தம் ஒரு ஜிப், முகூர்த்தம் ஒரு ஜிப், வரவேற்பு ஒரு ஜிப் என்று நிகழ்ச்சி வாரியாகக் கட்டினால், ஒன்று போனாலும் தாலி கட்டிய படம் மிஞ்சும்.

அறிகுறி: ஜிப்பைத் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் கிறுக்கலாக வருகின்றன, அல்லது சிஆர்சி பிழை

பெயர் கிறுக்கலாக வந்தால் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயர் யூடிஎஃப்-8 முறையில் இருக்கிறது என்ற அடையாளத்தை ஜிப்பை உருவாக்கிய கருவி போடவில்லை, அல்லது திறக்கும் கருவி அதைப் பார்க்கவில்லை. புதிய 7-ஜிப்பில் திறந்து பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் அனுப்பியவரிடம் 7-இசட் வடிவில் கட்டச் சொல்லுங்கள். அது பெயர்களை எப்போதும் யூனிகோடிலேயே வைக்கும்.

சிஆர்சி பிழை என்றால் விஷயம் வேறு. உள்ளே வைத்ததும் வெளியே வந்ததும் ஒன்றில்லை. முதலில் கோப்பை மறுபடி நகலெடுங்கள், வேறு யுஎஸ்பி துளையில். பாதிக்கு மேல் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. தீராவிட்டால், பிழையைப் பொருட்படுத்தாமல் கெட்ட கோப்பையும் வைத்துக்கொள்ளச் சொல்லும் தெரிவு வின்ராரில் உண்டு, அதைப் போட்டு விரியுங்கள். ஸ்டோர் முறையில் கட்டிய ஜிப்பாக இருந்தால் அந்தப் படத்தில் கெட்ட இடம் வரையாவது சரியாகத் தெரியும், அதற்குக் கீழே நிறம் மாறி நகர்ந்து போயிருக்கும். ஆசிரியரின் ஒரு படம் அப்படித்தான் மீண்டது. வீரனின் முகமும் ஓங்கிய வாளும் தெளிவாக இருக்கின்றன, இடுப்புக்குக் கீழே முழுவதும் பச்சை. எழுத்து மேல் வரிகளில்தான் இருந்தது என்பதால் அந்தப் படத்தை அவர் அழிக்கவில்லை.